நீங்க எந்தச் சீட்டு சார்?

ஆற்காடு பக்கம் ஒருவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆட்டோ வரும். பின்னாலேயே மச்சான் வருவார். மூன்றாவதாக வருவது யோசனை!

"நேரா வேலூர் சி.எம்.சி.க்கு வுடுங்க!"

"வாணாம்பா... அடுக்கம்பாறை கவர்மென்ட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. பைசா செலவு கிடையாது."

"அவுருக்குத்தான் இ.எஸ்.ஐ. கீதே... அங்க போனா இன்னா?"

"முதலமைச்சர் கார்டு எடுத்துகினியா? ரேஷன் கார்டையும் கூடவே வெச்சிக்க!"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசாமியைத் தவிர தெருவில் அத்தனை பேரும் பேசுவார்கள். (அந்த நிமிஷத்துக்குச் சரியான விடை 108. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. ஆனால் மச்சானுடைய நண்பனின் ஆட்டோவுக்கு இருக்கிற மரியாதை அதற்கு இன்னும் வரவில்லை.)

ஒரு வழியாக ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. கவுன்ட்டரில் முதல் கேள்வி 'உடம்புக்கு என்ன?' என்பதாக இருக்கும் என்று நீங்கள் நினைத்தால், சமீபத்தில் ஆஸ்பத்திரி பக்கம் போகாத பாக்கியசாலி நீங்கள். "என்ன கார்டு வெச்சிருக்கீங்க?" என்பதுதான் கேள்வி.

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் தள்ளிவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் முதல் இன்ஷூரன்ஸ் பாலிசி வரை! அப்படி வருஷக்கணக்காகப் படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் ஜில்லாவில் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. யாருக்கு எந்தக் கதவு என்கிற தகவலுக்குத்தான் பஞ்சம்.

வேலூர் சி.எம்.சி. வாசலில் ஒரு நாள் காலை நின்று பாருங்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிற கூட்டத்தில் பாதி வங்காளம் பேசும். பக்கத்துச் சந்துகளில் லாட்ஜ் போர்டு வங்காளத்தில், ஓட்டல் போர்டு வங்காளத்தில். மீன் குழம்பே வங்காளத்தில் கொதிக்கிறது! கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நாள் கணக்கில் ரயிலில் வருகிற அந்த மனிதர், எந்த பில்டிங்கில் பதிவு, எந்த கவுன்ட்டரில் பணம், பிரைவேட் ஓ.பி.க்கும் ஜெனரல் ஓ.பி.க்கும் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார். ஆற்காட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்குகிற நம்ம ஆள், செக்யூரிட்டியிடம் "சார், இங்க ஆஸ்பத்திரி எங்க?" என்று கேட்கிறார்.

இந்த ஆஸ்பத்திரியின் கதை தெரிந்ததுதான். ஆனாலும் அதில் ஒரு சமாசாரத்தை நாம் கவனிப்பதில்லை. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். நம்ம ஊர்ப் பெண்! அப்பா ஜான் ஸ்கடர் மிஷனரி டாக்டர். இளம் பெண்ணாக ஐடா திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருக்கும் வீட்டில் பிரசவ வேதனையில் மனைவி. டாக்டர் வீட்டில்தான் இருந்தார். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இருதய ஆபரேஷன், 1971-ல் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஆபரேஷன்... எல்லாம் அங்கேதான்.

நான் சொல்ல வந்தது, அந்த ராத்திரியில் டாக்டர் இல்லாமல் யாரும் சாகவில்லை என்பதுதான். டாக்டர் பத்தடி தூரத்தில் இருந்தார். நடுவில் வேறு ஏதோ நின்றது. நூறு வருஷம் கழித்து இன்றைக்கு நடுவில் நிற்பது காகிதம்!

தோல் பெல்ட்டில் நிறைய பேரிடம் இருக்கிற காகிதம் இ.எஸ்.ஐ.தான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி வரிசையாக டேனரியும் ஷூ கம்பெனியும். காலையில் ஆம்பூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற காட்சியே ஒரு திருவிழா மாதிரி இருக்கும். அத்தனை பேர் சம்பளச் சீட்டிலும் 'இ.எஸ்.ஐ.' என்று ஒரு வரி. அதை அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே... கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிட வந்தவனைப் பார்க்கிற பார்வை!

ஆம்பூரில் டேனரியில் டிரம் செக்‌ஷனில் வேலை பார்க்கிறான் என் சித்தி மகன். கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவன்.

"மாசா மாசம் நூத்தி முப்பத்தஞ்சு ரூபா புடிக்கிறாண்ணா. எதுக்குன்னே தெரில. ஏமாத்து வேலை."

"நூத்தி முப்பத்தஞ்சுக்கு ஆம்பூர்ல மட்டன் பிரியாணி வருமாடா?"

"குஸ்கா வரும்ணா."

கணக்கு இதுதான். அவன் சம்பளம் 18,000. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி கட்ட வேண்டியது 0.75 சதவிகிதம், அதாவது 135 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவிகிதம்; 585 ரூபாய். ஆக அவன் பேரில் மாதம் 720 ரூபாய் போகிறது. அதற்கு அவனுக்கும், மனைவி மக்களுக்கும், அவனை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம். மாத்திரைக்கும் காசில்லை, ஆபரேஷனுக்கும் காசில்லை. தனியார் பாலிசி மாதிரி 'இத்தனை லட்சம்தான்' என்ற கோடு கிடையாது. 'ஏற்கெனவே இருந்த வியாதிக்குக் காத்திரு' என்பதும் கிடையாது. முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, அங்கே முடியாவிட்டால் ஒப்பந்தத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. பெரிய சிகிச்சைக்கு எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறாய் என்ற கணக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் சீட்டு முக்கியம். நேரே போய் அட்மிட் ஆகிவிட்டு 'பில்லைக் கொடுங்க' என்றால் ரொம்ப அலைய வேண்டும்.

உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளமும் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 70 சதவிகிதம், வருஷத்தில் 91 நாள் வரை. என் தம்பி கணக்கில் ஒரு நாளைக்கு 420 ரூபாய்; முழு 91 நாளும் வாங்கினால் 38,220. (முதல் இரண்டு நாள் கிடையாது. வியாதி நிஜம்தானா என்று சர்க்கார் யோசிக்கிற நேரம் போலிருக்கிறது!) பெண்களுக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் விபத்து என்றால் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் பாதுகாப்பு உண்டு. இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் சம்பளத்தின் 90 சதவிகிதம் வரை போகும்.

இத்தனையும் இருந்தும் என் தம்பி என்ன செய்தான்? இரண்டு முன்னங்கைகளிலும் அரிப்பு, வெடிப்பு, சின்னச் சின்னப் புண். எட்டு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் 'அண்ணே, அந்தச் செவப்பு ட்யூப் கொடு' என்று வாங்கித் தடவிக்கொண்டிருந்தான். தடவினால் அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும். மெடிக்கல் ஷாப்காரர் நல்ல மனிதர், ஆனால் அவர் படித்ததும் என்னை மாதிரி பி.காம்.தான்.

"இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனா இன்னாடா?"

"அங்க கூட்டம்ணா. அரை நாள் சம்பளம் போவும். டோலோ குடுப்பாங்க."

அரை நாள் சம்பளம் 300 ரூபாய். எட்டு மாதத்தில் அவன் ட்யூபுக்குக் கொட்டியது அதைவிடப் பல மடங்கு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக அனுப்பினேன். தோல் டாக்டருக்குச் சீட்டு கொடுத்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கறீங்க?" டிரம் செக்‌ஷன் என்றதும் தலையாட்டினார். சுண்ணாம்பு, அமிலம், குரோமியம் உப்பு... இவற்றில் வருஷக்கணக்காகக் கையை விடுகிறவர்களுக்கு வருகிற சமாசாரம்தான். கையுறை போட்டுக்கொள், முடிந்தால் செக்‌ஷனை மாற்றிக்கொள் என்றார்.

இதை வெறும் 'ஸ்கின் ப்ராப்ளம்' என்று விட்டுவிடக் கூடாது. குரோமியத்தால் வரும் வியாதிகள் சட்டத்தில் தொழில் சார்ந்த நோய்ப் பட்டியலிலேயே இருக்கின்றன. அப்படி என்று நிரூபணமானால், மெஷினில் கை மாட்டிக்கொண்ட விபத்து மாதிரியே அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரண காய்ச்சலுக்கு 70 சதவிகிதம் என்றால், தொழிலால் வந்ததற்கு 90. டாக்டரிடம் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி, அது சீட்டில் எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரிதான். அந்த ஒரு வரி இல்லாமல் போன கைகள் எங்கள் பக்கம் நிறைய.

குரோமியம் எங்களுக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு, மூடியதற்கு வெகு காலம் பிறகும் மலையாகக் கிடந்தது. பாலாற்றுப் படுகை நாசமானது பற்றி 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். 'அழுக்காக்கியவன்தான் செலவு செய்ய வேண்டும்' என்ற கொள்கை அதில்தான் நம் நாட்டில் காலூன்றியது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே மாநிலம், ஒரே மாதிரி ரயில். ஒரு கூட்டம் உயிர் பிழைக்க வேலூரில் இறங்குகிறது. இன்னொரு கூட்டம் வயிறு பிழைக்க ராணிப்பேட்டைக்கு வந்தது.

தம்பி கதை இன்னும் முடியவில்லை. டிஸ்பென்சரியில் இருந்து வந்த அன்றே அவன் போனில் 'உமாங்' ஆப்பை இறக்கி, அவன் இ.எஸ்.ஐ. நம்பரைத் தட்டிப் பார்த்தேன். மாதாமாதம் எத்தனை நாள் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்று அதில் தெரியும். கடைசி நாலு மாதம்... பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்!

"சம்பளச் சீட்டுல புடிச்சிருக்கானேடா?"

"புடிச்சிருக்காண்ணா. ஆனா கட்டல போல."

இதில் என்ன ஆபத்து? இ.எஸ்.ஐ. கணக்கு ஆறு ஆறு மாதமாக ஓடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு ஆறு மாதத்தில் 78 நாளாவது கணக்கில் ஏறியிருந்தால்தான் உடம்பு முடியாத காலத்துச் சம்பளம் கிடைக்கும். நாலு மாதம் பூஜ்யம் என்றால் மீதி இரண்டு மாதத்தில் 78 நாளை எங்கே தேடுவது? காலண்டரில் அத்தனை நாளே இல்லை!

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சம்பளச் சீட்டு நகலோடு எழுதிக் கொடுத்தோம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பிரின்சிபல் கம்பெனி கட்டியாக வேண்டும். முதலாளி பக்கத்துத் தவறுக்காகத் தொழிலாளி உரிமை போகாது என்பது சட்டம். மூன்றாவது வாரம் கான்ட்ராக்டரிடமிருந்து போன். "இன்னா தம்பி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே..." நாலு மாதமும் ஏறிவிட்டது. புண் தொழிலால் வந்ததா என்கிற காகிதம் மட்டும் இன்னும் மேஜை மேஜையாக நடந்துகொண்டிருக்கிறது. நாங்களும் கூடவே நடக்கிறோம்.

தீபாவளி ஃபண்டுக்கு மாதம் 500 ரூபாய் கட்டுகிறவன், ஏஜென்ட் அட்டையில் கையெழுத்துப் போட்டானா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறான். அந்த டார்ச்சை மாதம் ஒரு தரம் இ.எஸ்.ஐ. நம்பர் பக்கமும் அடிக்கலாம். குடும்பத்தார் பெயரெல்லாம் கார்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். போன வருஷம் கல்யாணமானவர் கார்டில் மனைவி பெயர் இல்லை. எட்டு வருஷமாகப் பேசாத தம்பி பெயர் இருக்கிறது!

ஷூ தொழிலிலேயே இன்னொரு கூட்டம் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசியில் தைக்கிற பெண்கள். ஜோடிக்கு இத்தனை என்று கூலி. அந்த ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. அந்தப் பெண் எந்தக் கம்பெனி ரெஜிஸ்டரிலும் இல்லை. சம்பளச் சீட்டு கிடையாது, ஆகவே இ.எஸ்.ஐ.யும் கிடையாது. முதுகு வலியும் கண் வலியும் சொந்தச் செலவு. தோல் தொழிலாளர்களுக்கென்று அமைப்புசாரா நல வாரியம் ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதைச் சொன்னபோது, தைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா ஊசியை நிறுத்திவிட்டு, "அது எந்த ஊர்ல கீது?" என்றார்.

அவர்களுக்குப் பெரிய துணை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்தான். 2009-ல் கலைஞர் பெயரில் ஆரம்பித்து, 2012 ஜனவரியில் முதலமைச்சர் திட்டமாகி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. பெயர் மாறினாலும் பிரீமியம் கட்டுவது சர்க்கார்தான், நாம் இல்லை. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். 2022 வரை இது 72,000 ஆக இருந்தது. (மாதம் 6,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவர் யார் என்று அப்போதே நான் தேடினேன். வருமானச் சான்றிதழில் மட்டும் ஊரே அப்படித்தான் இருந்தது!)

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்பதிலும் ஒரு வேடிக்கை. 2019 நவம்பரில் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும், ஆம்பூர்க்காரர் திருப்பத்தூருக்கு. இன்னமும் பழக்க தோஷத்தில் வேலூருக்கு பஸ் ஏறி, "உங்க ஜில்லா இது இல்லைங்க" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

இந்தக் கார்டைப் பற்றி இரண்டு தப்பு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. எந்த ஆஸ்பத்திரியிலும் நீட்டலாம் என்பது ஒன்று. முடியாது, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, அதிலும் பட்டியலில் உள்ள சிகிச்சை. ஆயிரத்துக்கும் மேல் சிகிச்சைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கண்ணுக்கு அனுமதி இருக்கும், இருதயத்துக்கு இருக்காது. சேருவதற்கு முன்னாலேயே அங்குள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் "இந்த ஆபரேஷனுக்கு இந்தக் கார்டு உண்டா?" என்று கேட்டுவிட வேண்டும். 1800 425 3993 என்ற நம்பரிலும் கேட்கலாம், காசு கிடையாது. காய்ச்சல், சளிக்கு டாக்டர் ஃபீஸ் கொடுப்பார்கள் என்பது இரண்டாவது. கொடுக்க மாட்டார்கள். அதற்குத்தான் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மற்றபடி அடுக்கம்பாறையில் 2005-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி.யே பாகாயத்தில் சாட், கே.வி.குப்பம் பக்கம் 1977-லிருந்து ரூசா என்று கிராமத்து ஜனங்களுக்காக நடத்துகிறது. பெரிய வாசலில் போய் நின்றால்தான் வைத்தியம் என்று இல்லை.

இப்போது உங்களுக்கு வருகிறேன். ஆமாம், டை கட்டிக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான்!

இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரி 1 முதல் மாதம் 21,000 ரூபாய். உங்கள் சம்பளம் 20,500. முதலாளி உங்கள் உழைப்பைப் பார்த்து மனமிரங்கி 21,600 ஆக்குகிறார். வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள். அன்றோடு நீங்கள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே போகும் பாதையில் கால் வைத்துவிட்டீர்கள். மே மாதம் ஏறினால் செப்டம்பர் 30 வரை உள்ளே இருப்பீர்கள். ஏப்ரல் 1-லேயே ஏறினால் அன்றைக்கே வெளியே. 1,100 ரூபாய் கூடியதற்குக் குடும்பத்தின் முழு வைத்தியமும் போயிற்று. சரி, முதலமைச்சர் கார்டு? அதற்கு மாதம் 10,000-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கோ அதில் இரண்டு மடங்குக்கு மேல்!

ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை, நடுவில் அந்தரத்தில். நீதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இப்படி விட்டுப்போன நடுப்பகுதியைக் கிட்டத்தட்ட 40 கோடிப் பேர் என்று கணக்குப் போட்டார்கள். துணைக்கு ஆள் இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

கம்பெனி குரூப் பாலிசி கொடுத்தால் நல்லது. ஆனால் அது வேலையோடு வரும், வேலையோடு போகும். ராஜினாமா கடிதத்தை மேனேஜர் மேஜையில் வீரமாக விசிறுவதற்கு முன்னால் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று ஒரு தரம் எண்ணிக்கொள்ளுங்கள். அதில் அப்பா அம்மா சேர்த்தியா என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் மனைவி, குழந்தையோடு நின்றுவிடும்.

சொந்தமாக எடுப்பதென்றால் இளமையில் எடுப்பதுதான் மலிவு. ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குக் காத்திருக்கும் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று வருஷம், முன்பு நாலு. ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, 'வியாதியைச் சொல்லவில்லை' என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. ஃபாரத்தில் சர்க்கரை இருப்பதை எழுதிவிடுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் போட வேணாம் சார்" என்பார். க்ளெய்ம் வரும்போது அவர் போன் எடுக்க மாட்டார்.

ரூம் வாடகை விஷயத்தை மட்டும் ஒரு கணக்காகவே சொல்லிவிடுகிறேன், பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? மூன்று லட்சம் பாலிசி. ரூமுக்கு ஒரு சதவிகிதம், நாளைக்கு 3,000 வரை என்று உள்ளே பொடி எழுத்தில் இருக்கிறது. நீங்கள் ஏ.சி. ரூம் கேட்டு 6,000-க்குப் படுக்கிறீர்கள். ஐந்து நாள். பில்லில் ரூம் 30,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் வகையறா ஒரு லட்சம், மருந்தும் டெஸ்ட்டும் 70,000. மொத்தம் இரண்டு லட்சம். 'ரூமில் 15,000 தானே நம்ம கையிலிருந்து' என்று நினைப்பீர்கள். இல்லை! தகுதிக்கு இரண்டு மடங்கு ரூம் எடுத்ததால், டாக்டர், தியேட்டர் ஒரு லட்சத்திலும் பாதிதான் தருவார்கள். மருந்து, டெஸ்ட்டில் அப்படி வெட்டக் கூடாது. ஆக, 15,000, 50,000, 70,000... வருவது 1,35,000. உங்கள் பையிலிருந்து 65,000. ஐந்து நாள் ஏ.சி. காற்று அதற்கு! பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் ரூம் வரம்பு இல்லாத பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

எந்தச் சீட்டும் கேட்காத ஒன்றும் எங்கள் பக்கம் இருக்கிறது. சென்னை - பெங்களூர் ரோடு எங்கள் ஜில்லாக்களின் குறுக்கே போகிறது. புது நம்பர் 48. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆரம்பித்த விபத்துத் திட்டத்தின் பெயரிலும் 48! ரோடு விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. ஆரம்பத்தில் ஒரு லட்சம் வரை என்றிருந்ததைப் பிறகு இரண்டு லட்சமாக்கினார்கள். வருமானம் கேட்பதில்லை, கார்டு கேட்பதில்லை, வேறு மாநிலத்துக்காரரானாலும் சரி. பைக்கில் ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிடப் போகும் கோஷ்டிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஹெல்மெட் அதைவிட நல்லது.

ஆற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் ஆயா இருக்கிறாள். பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து இருபது வருஷம். 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். போன வாரம் ஆயாவைப் பார்க்கப் போயிருந்தேன். கார்டு, சந்தா, வரம்பு, பட்டியல் என்று இதையெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினேன். வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டாள்.

"இன்னா சீட்டோ போ. அந்தப் பொண்ணு என்னை ஒரு சீட்டும் கேக்கல. கருவாடு துன்னியான்னு கேட்டுத்தான் கத்திட்டுப் போச்சு."

"துன்னியா?"

"ரெண்டே துண்டுடா..."